நடுக்கட்டம் காலி

ஏனுங்க, நீச்சலுக்கு முதல்ல வேண்டியது என்னன்னு நினைக்கறீங்க? தண்ணின்னு சொன்னீங்கன்னா உங்களுக்கு நடைமுறை தெரியலைன்னு அர்த்தம். போன மாசம் வரைக்கும் எனக்கும் தெரியாதுங்க.

எங்க வடகரப்பதிப் பக்கம் நீச்சல்குளம் ஏது? ஆறுமுகசாமி மாமா தென்னைக்குத் தண்ணி தேக்கற பெரிய சிமெண்ட் தொட்டிதான். நெஞ்சளவு தண்ணி. காலையில ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும் பிள்ளைகளுக்கு. ஒம்பதானா வால்வைத் திறந்துருவார், அப்புறம் அது தென்னையோட தண்ணி.

என் பொண்ணு மௌனிகா ஆறாவது படிக்கிறா. அவ அப்பா கிணத்துல இறக்கிப் பழக்கினதுல மீனாட்டம் போவா. பாலக்காட்டுல நடக்கற போட்டிக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம். அதுக்கு, 'பத்து நாள் முறைப்படி நீந்தினார்' என்று நீச்சல் மேம்பாட்டு அலுவலகம் சான்றிதழ் தரணுமாம்.

சொல்லிக் குடுக்க வந்தவர் ஜோபி சார், பள்ளிவாசல்ங்கற ஊர்க்காரர். "சேச்சி, ரொம்ப சிம்பிள். இறங்கறதுக்கு முன்னாடி கையையும் காலையும் சும்மா வீசிச் சுழட்டி உடம்பைச் சூடு பண்ணணும். ஏறினப்புறம், அந்தச் சூடு ஆறறதுக்குள்ள நல்லா இழுத்துப் பிடிச்சு நிக்கணும். மொத்தமே பத்து நிமிஷம்" என்றார்.

பத்து நிமிஷத்துல முடியற காரியத்தை ஒரு அலுவலகம் சும்மா விட்டுருமா? உத்தரவு வந்தது. நீரில் இறங்குமுன் கை கால்களை இழுத்துப் பிடிக்கும் நீட்சிகள் இருபது; ஏறியபின், ஒன்பது மணிக்கு, பின் நீட்சி. இடம் வலம் தனித்தனி. ஒவ்வொன்றும் முப்பது விநாடி. மேற்படி நீட்சிகளை மேற்பார்வையாளர் நேரில் கண்டாலொழிய எவரும் நீரில் இறங்கலாகாது. மேற்பார்வையாளர் சிவப்பிரகாஷ் சார் வர்ற பஸ் எட்டரைக்கு.

சத்தமா எண்ணத் தெரியும்கறதால 'எண்ணும் பொறுப்பாளர்' பதவி எனக்குக் கிடைச்சது. பெருமையாத்தான் இருந்துச்சு. புதுசா ஒரு விசில்கூட வாங்கினேன். மத்த அம்மாக்கள் சுருட்டற பாயும் இழுத்தா நீளற பேண்ட்டும் வாங்கினாங்க. பக்கத்து ஊட்டு நாச்சம்மாள் பால் கறக்கறதுக்கு முன்னாடியே இருபது நீட்டி முடிப்பா. மாடு பாவம், காத்துட்டு நிக்கும்.

எட்டரைக்கு சார் வருவார். இருபது நிமிஷம் நீட்சி, பத்து நிமிஷம் ரிஜிஸ்தர். சரியா ஒம்பது மணிக்கு வால்வு திறந்துரும்.

"சார், ஆறிக் கிடக்கற உடம்பை இப்படி இழுத்தா வலிக்குமே" என்றார் ஜோபி சார்.

"வலிச்சா நீட்சி சரியா நடக்குதுன்னு அர்த்தம்."

"இதுங்க இன்னும் நீந்தவே இல்லையே, பின் நீட்சி எதுக்கு?"

"உத்தரவுல பின் நீட்சி ஒம்பது மணின்னு இருக்குது. நடுவுல நீந்தினாங்களான்னு அதுல கேக்கலீங்க."

இப்படியே ஒம்பது நாள் போச்சு. ரிஜிஸ்தர்ல முன் நீட்சிக்கு டிக், பின் நீட்சிக்கு டிக். 'நீந்தினார்'ங்கற நடுக்கட்டம் காலி. மௌனிகா நல்லா வளைஞ்சாளே ஒழிய நனையல.

பத்தாவது நாள், கடைசி வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் வரிசையா வளைஞ்சு நிக்கறதை போட்டோ எடுத்து அனுப்பணும்னு சார் தொட்டிச் சுவர் மேல ஏறி நின்னார். எல்லாரும் படத்துல வரணும்னு ஒரு அடி பின்னாடி வெச்சார்.

தொபுக்கடீர்!

"ஐயோ, புடிங்க! எனக்கு நீச்சல் தெரியாது!"

மௌனிகா பாயப் போனா. "நில்லு கண்ணு!" சொன்னது வேற யாருமில்லீங்க, நான்தான். "பதினொண்ணுதான் ஆயிருக்குது."

"அம்மா, சார் முங்கறாரு!"

"இடது பக்கம் பாக்கி இருக்குதல்லோ?"

"விட்டுருங்க மேடம், அந்த உத்தரவை விட்டுருங்க!" சார் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுக் கத்தினார்.

ஜோபி சார் கையைக் கட்டிக்கிட்டு, "எழுத்துல வேணுமே சார்" என்றார்.

மௌனிகா அதுக்கு மேல யார் பேச்சையும் கேக்கல. ஒரே பாய்ச்சல். நாலு வீச்சுல சார்கிட்டப் போய், "சார், காலை ஊனுங்க" என்றா. ஊனினார். தண்ணி நெஞ்சு வரைக்கும்தான் இருந்துச்சு.

மேல ஏறினவர் முதல்ல தேடினது துண்டை இல்லீங்க, ரிஜிஸ்தரை. முகம் வெளுத்துப் போச்சு. "மேடம், நான் முன் நீட்சி இல்லாம இறங்கிட்டேன். மேலிடத்துக்குத் தெரிஞ்சா மெமோதான். என் பேருக்கும் ஒரு இருபது போட்டுருங்க."

"அதுக்கென்னங்க, போட்டரலாம்" என்றேன். "பாப்பாவோட நடுக்கட்டம் பத்தும் காலியாக் கிடக்குதுங்க சார்."

ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம எழுதினோம். சார் நீட்டினார், நான் சாட்சி. மௌனிகா பத்து நாள் நீந்தினா, அவர் சாட்சி. ஈரக் கையெழுத்தோட சான்றிதழ் வந்துச்சு. அதை அங்கேயே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சேன். நாச்சம்மாள் மொத ஆளா ஹார்ட் போட்டா.

அந்நேரம் பார்த்து ஆறுமுகசாமி மாமா வால்வுகிட்டப் போய்க் குனிஞ்சார்.

"மௌனி, இங்க பாரு, சான்றிதழ்!" என்று தூக்கிக் காட்டினேன். இன்னும் தொட்டிக்குள்ளயே நீந்திட்டிருந்தவ தலையை மட்டும் நீட்டிச் சொன்னா:

"அதை உள்ள வைம்மா. அந்த மாமாகிட்டச் சொல்லி, வால்வை ஒரு கால் மணி நேரம் கழிச்சுத் திறக்கச் சொல்லும்மா."