அலவாங்கு நீளத்துக்கு ஓர் உலை

மட்டக்களப்பு,
ஜூன் 24, புதன்கிழமை, முற்பகல் 10.15

அன்புள்ள தங்கச்சி பட்ரிசியாவுக்கு,

அண்ணன் ட்றெவர் எழுதுவது. நானும் ஜக்குலினும் மகன் பேர்டியும் சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் இப்போது குளிர் இறங்கியிருக்கும். உன் முழங்காலின் நிலைமையை அடுத்த முறை பேசும்போது முதலாவதாகச் சொல்லவும்.

இன்று காலை 8.25 மணிக்கு உறுதிப்படுத்தப்பட்ட செய்தி: எங்கள் பின்வளவிலுள்ள காஸ் உலையில் ஓர் அலவாங்கின் நுனி, நான்கு அங்குல நீளத்துக்கு, செம்மஞ்சளாக, தோடம்பழ நிறத்தில் பழுத்தது. இதற்கு ஆதாரம் நானே. மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன்.

உலைக்குள் சூடு நிற்கச் சுற்றுவதற்கு நீ அனுப்பிய ஒரு பெட்டி வெப்பப் பஞ்சு மூன்று உலைக்குக் காணுமே, அண்ணன் ஏன் இன்னொரு பெட்டி கேட்கிறார் என்று போன கிழமை ஜக்குலினிடம் கேட்டாயாம். நியாயமான கேள்வி. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அது பதிவாக நிற்காது. முப்பத்தெட்டு வருடம் பத்திரிகைக்கு மாவட்டச் செய்தி அனுப்பியவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேர்டி டோஹாவில் நான்கு வருடம் இரும்பு வேலை செய்துவிட்டு ஜனவரியில் வந்தான் அல்லவா? அந்தக் கம்பனி அவனை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. பதில் சொல்லக் கடைசி நாள் இம்மாதம் முப்பதாந் திகதி. போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ பிள்ளை வாய் திறக்கவில்லை. இந்த நிலையில், செங்கலடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ரதீஸ், நுனி மழுங்கிய அலவாங்குகளோடு வயல் செய்யும் வட்டைக்காரர் தினமும் கடைக்கு வருகிறார்கள், காய்ச்சி அடித்துக் கொடுக்க ஆளில்லை, ஒன்றைச் செய்து காட்டினால் மீதியைப் பேசலாம் என்றார். அலவாங்கால் குழி தோண்டாமல் இந்த ஊரில் ஒரு வேலிக்கம்பும் நடமுடியாது என்பது உனக்குத் தெரியும். இந்த வேலை பிடித்துக்கொண்டால் பிள்ளை நின்றுவிடுவான் என்று எனக்குப் பட்டது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

கரி கிடைப்பது கஷ்டம், புகைக்கு அயலாரும் பேசுவார்கள் என்பதால் காஸ் உலை என்று முடிவாயிற்று. அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிதாகச் செய்வது என்பது. இங்கேதான் தவறு நடந்தது. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டு அலவாங்குகளையும் அளந்தேன். மொத்தம் பதினொன்று. ஆகக் கூடியது ஐந்தடி இரண்டு அங்குலம். வைத்து எடுக்க இடம் விட்டு, உலை ஐந்தரை அடி நீளம் என்று குறித்தேன். பேர்டி அந்தக் குறிப்பைப் பார்த்து, "பப்பா, அலவாங்கு முழுசா உள்ளுக்குப் படுக்கணுமா?" என்று மட்டும் கேட்டான். "படுக்காம நிண்டுகொண்டா சூடேறும்?" என்றேன். அவன் குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். காத்தான்குடியில் பேக்கரி நடத்தும் முனாப்பை உனக்கு ஞாபகமிருக்கும், என்னோடு படித்தவர். இரண்டாவது கருத்துக்காக அவரை அழைத்தேன். அவர் வந்து, குந்தியிருந்து, தாடியைத் தடவி, "ட்றெவர், எண்ட போறணையப் பாருங்க. நானூறு றாத்தல் பாண் ஒரே தரத்தில போகும். சின்னனாக் கட்டினா வெக்கை நிக்காது. பெரிசாக் கட்டுங்க, மறுகா பாருங்க" என்றார். பாண் போறணையையும் இரும்பு உலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாமா என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓர் அடி அகலமான பழைய இரும்பு நீர்க்குழாய் வாங்கி, ஐந்தாந் திகதி அதை ஐந்தரை அடிக்கு வெட்டி, உன் பஞ்சை உள்ளே இரண்டு மடியாகச் சுற்றினோம். பெட்டியில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. பெயர் குறிப்பிட விரும்பாத வீட்டு வட்டாரம் ஒன்று குசினி வாசலில் நின்று, "இதுக்குள்ள இரும்பை வைக்கப் போறீங்களா, ஆளை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டது.

போன ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து பற்றவைத்தோம். இரண்டு பர்ணர். குழாயின் இரண்டு வாயும் திறந்திருந்தன. கச்சான் காற்று ஒரு வாயால் புகுந்து மற்ற வாயால் வாவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, எங்கள் சூட்டையும் கூட்டிக்கொண்டு. நான் நிமிடக் குறிப்பு எழுதினேன். நாற்பதாவது நிமிடம், இரும்பு கறுப்பு. ஒன்றரை மணி நேரம், பர்ணருக்குக் கீழே மட்டும் கத்தரிக்காய் நிறம். "பொறுங்க, வெக்கை இப்பதான் ஊறுது" என்றார் முனாப். நான்கு மணி நேரத்தில் புதுச் சிலிண்டர் முடிந்தது. அது வெளியே வெள்ளையாகக் குளிர்ந்து வியர்த்து நின்றது. அந்த வளவில் நன்றாகக் குளிர்ந்த பொருள் அது ஒன்றுதான். குசினிச் சிலிண்டரைக் கழற்றி வந்தேன். அடுப்பில் மீன்கறி அரைவேக்காடு. ஜக்குலின், "கழட்டுங்க, கழட்டுங்க, பகலைக்கு அலவாங்கைத் தின்னுங்க" என்றாள். முனாப் மட்டும் மனம் தளரவில்லை. கொண்டுவந்திருந்த, இன்னும் வேகாத பணிஸ் தட்டை உலை வாயில் வைத்து எடுத்தார். நாலு நிமிடத்தில் பொன்னிறம். அன்று அந்த உலையில் சரியாக வெந்தது அது ஒன்றுதான். பேர்டி மூன்று பணிஸ் தின்றான். நான் ஒன்றும் தின்னவில்லை. அவன் பார்வை பயணப் பெட்டி இருக்கும் அறைப் பக்கம் போவதுபோல எனக்குப் பட்டது.

திங்கட்கிழமை காலை அவன் என்னை அயலிலுள்ள வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போய், அங்கே சுடவைத்த ஒரு கம்பியைக் குறட்டில் பிடித்து, "பப்பா, மணிக்கூட்டைப் பாருங்க" என்றான். அடித்தான். இரும்பு இளக்கமாக நின்றது இருபத்தெட்டு வினாடி. அதற்குள் அவன் அடித்து முடித்தது நான்கு அங்குலம். "ஒரு சூட்டுக்கு நான் அடிக்கிறது இவ்வளவுதான். மிச்ச நாலரை அடியையும் ஏன் பப்பா நாம காய்ச்சணும்?" முப்பத்தெட்டு வருடத்தில் ஓர் அமைச்சருக்கும் நான் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. அதே குழாயில் பத்து அங்குலம் வெட்டினோம். பஞ்சை மூன்று மடியாகச் சுற்றினோம். உள்ளே ஆறு அங்குல வாய், பின்பக்கம் நீளக் கம்பி நுழைய ஒரு சிறு ஓட்டை, ஒரே ஒரு பர்ணர். அலவாங்கின் மிச்ச நீளம் வெளியே ஒரு தாங்கியில் கிடக்கும். கணக்குப் பார்த்தேன், முதல் உலையின் உள்ளிடம் இதைவிடக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. பன்னிரண்டு உலை வேலையை இரண்டு பர்ணரிடம் கேட்டிருக்கிறோம். இன்று காலை புதியது எட்டாவது நிமிடத்தில் பழுத்தது.

ஆகவே இரண்டாவது பெட்டி தேவையில்லை, அனுப்பாதே. உலை பெரிதாக இருந்தால் வேலையும் பெரிதாக வரும், வேலை பெரிதாக வந்தால் ஆள் போகமாட்டான் என்று நான் நினைத்தேன் போலிருக்கிறது. இன்னொரு வேண்டுகோள். நீ பேசும்போது டோஹாவைப் பற்றிப் பேர்டியிடம் கேட்டுவிடாதே. நானும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளையை நெருக்குவதாகிவிடும். முப்பதாந் திகதிவரை பொறுமையாக இருப்போம்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். வருகிற ஞாயிறு உன் முழங்காலுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

அன்பு அண்ணன்,
ட்றெவர்

பி.கு.: உறையில் போடுமுன் ஜக்குலின் இதை வாங்கி வாசித்தாள். பொறுமை பற்றிய பந்தியில் சிரிப்பு வந்து கதிரையில் இருந்துவிட்டாள். "அவன் வரல்லண்டு கம்பனிக்கு எழுதி மூணு கிழமையாகுது." யார் சொன்னது என்றேன். "அவன்தான்." எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கல்லயே." பின்வளவுக்குப் போய்ச் சம்பந்தப்பட்டவரிடமே விசாரித்தேன். "ஓம் பப்பா, ரெண்டாந் திகதியே இல்லையெண்டு எழுதிட்டன்" என்றான். அதாவது, குழாய் வெட்டுவதற்கு மூன்று நாள் முந்தி. அப்படியானால் ஐந்தரை அடிக்கு ஏன் சம்மதித்தாய் என்றேன். "வீடு வீடாப் போய்ப் பதினொரு அலவாங்கு அளந்து வந்தீங்க. அந்தச் சந்தோசத்தை ஏன் கெடுப்பான் எண்டு விட்டன்." ஆகையால் மேலே என் பொறுமை பற்றி எழுதியவை அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். உலையின் அளவுகள் மட்டும் சரியானவை. செய்து முடித்த அலவாங்கைப் பேர்டி நாளை செங்கலடிக்குக் கொண்டுபோகிறான். ரதீஸின் முடிவு இன்னும் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. கடைக்கு நானே போய், வாய் திறந்து கேட்பேன்.