ஐந்து நட்சத்திரக் காது

ஒரு காட்டில் குமுதவல்லி என்றொரு முயல் இருந்தது. காது நீளமாக இருந்த ஒரே காரணத்துக்காக, சிங்கராஜாவின் குறைதீர்ப்புத் தொலைபேசி நிலையத்தில் அதற்கு வேலை கிடைத்தது. ஒரு மாதம் தற்காலிகம், பேர் கெடாமல் இருந்தால் நிரந்தரம். ஹெட்போன் மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

குமுதவல்லியிடம் இருந்தது ஐந்நூறு ரூபாய். அதற்குள் தரமாக ஒன்று வாங்கிவிட வேண்டுமென்று, கிளி ஒன்று வெளியிட்டிருந்த பதினோரு வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தது. எல்லாவற்றுக்கும் தலைப்பு, ‘ஐந்நூறுக்குள் அட்டகாசமான ஹெட்போன்’. எல்லாவற்றின் முடிவிலும் கிளி, கூட ஒரு இரண்டாயிரம் போட்டால் இதைவிட நல்லதாகக் கிடைக்கும் என்றது.

சந்தையில் மயில் நடத்திய, கண்ணாடிக் கதவு போட்ட ஹெட்போன் கடைக்குப் போனது. பட்ஜெட் எவ்வளவு என்று மயில் மரியாதையாகத்தான் கேட்டது. தொகையைச் சொன்னதும் எழுந்துபோய் ஏ.சி.யை நிறுத்தியது.

கடைசியில், பேருந்து நிலைய வாசலில் தள்ளுவண்டி போட்டிருந்த நரியிடம் வந்து நின்றது. நரி என்றாலே ஏமாற்றும் என்று கேட்டு வளர்ந்த முயல் அல்லவா, ஒன்றுக்கு நான்கு தடவை விசாரித்தது. நரி எதையும் ஒளிக்கவில்லை.

“இதுல நீங்க பேசுறது அடுத்தவங்களுக்கு மணி மாதிரி கேக்கும். அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்காது. அதான் நானூத்தம்பது.”

விடிந்தால் வேலையில் சேர வேண்டும். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டது.

முதல் அழைப்பு வந்தபோது, எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம்தான் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்று வாய்விட்டால் வேலை போய்விடும். பொரிகிற சத்தம் ஓய்ந்ததும், குழைந்த குரலில், “உங்க கஷ்டம் புரியுதுங்க. பதிவு பண்ணிக்கிட்டேன்” என்றது. அழைத்தது யாரோ, எதற்கோ. பேச்சு எப்படி இருந்தது என்று நிலையம் கேட்டதற்கு, ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வைத்தார்கள்.

மாதம் முழுக்க இதே கதைதான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஆமை சபாபதிக்குக் காது நன்றாகவே கேட்டது. அது ஒவ்வொரு குறையையும் முழுசாகக் கேட்டு, சட்டம் இடம் கொடுக்காது என்று பொறுமையாக விளக்கி, வசவு வாங்கி, ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கண்டதில்லை. குமுதவல்லியைப் போலக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் உண்டா என்று காடே பேசிக்கொண்டது. சிங்கராஜா நேரில் வந்து மாலை போட்டு, வேலையை நிரந்தரமாக்கினார்.

மாலை கழுத்தில் உறுத்தியது. முதல் சம்பளம் கைக்கு வந்த அன்றே, குமுதவல்லி மயில் கடைக்குப் போய் உசத்தியான ஹெட்போன் ஒன்றை வாங்கிவிட்டது.

மறுநாள் முதல் அழைப்பு, அணில் ராக்காயி.

“அக்கா, நீங்க ஒருத்தர்தான் பொறுமையா கேக்குறீங்க. இது ஏழாவது தடவை. எங்க ஆலமரத்துக் குழாய்ல இருபது நாளா தண்ணி வரல. குட்டிங்க சேத்தைக் குடிக்குதுங்க.”

ஏழு தடவை. குமுதவல்லி ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. பெரிதாக ஒன்றுமில்லை, வால்வை மூடிய யாரோ திறக்க மறந்திருந்தார்கள். முயல் மூச்சைப் பிடித்துத் திருகியது. குழாய் செருமி, காற்றைக் கக்கி, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன. ராக்காயி கண் கலங்கி முயலின் கையைப் பிடித்துக்கொண்டது.

அலுவலகத்துக்குத் திரும்பினால் மேசைமேல் மெமோ. காலை அழைப்புக்கு ஒரே ஒரு நட்சத்திரம். காரணம்: பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டார்.

குமுதவல்லி ராக்காயியை அழைத்து, ஏனம்மா இப்படி என்று கேட்டது.

“தண்ணி வந்தது வேற விஷயம்க்கா. அவங்க கேட்டது, பேச்சு எப்படி இருந்துச்சுன்னுதானே. பொய் சொல்லலாமா?”

அழைப்பின் பாதியில் எழுந்துபோன குற்றத்துக்காக, அடுத்த நாள் குமுதவல்லிக்கு வேலை இல்லை. நல்ல ஹெட்போன் இருந்தது.

நீதி: கையில் காசு குறைவென்றால், கேட்காத ஹெட்போனே தரமான ஹெட்போன். கேட்கிற ஹெட்போனுக்கு, கடைக்காரர் சொல்லும் விலைபோக வேலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.