தாய்மாமன் அன்பளிப்பு போட்ட பிஸ்டன்

இரும்போடு இரும்பு உரசுவதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் குழி அண்ணாச்சி ஒருவர்தான். அவரோடு பழகியே எனக்குப் பாதி ஆயுள் கரைந்துபோனது.

தேனி கடைவீதியில் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு லேசர் மெஷினில் பெயர் வெட்டுவது அவர் தொழில். அதே லேசரால் இரும்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் போட்டால் அதில் எண்ணெய் தங்கும், உராய்வு குறையும் என்று எங்கோ பார்த்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து குடத்தில் பெயர் வெட்டக் கொடுத்தவர்கள் காத்துக் கிடக்க, இவர் சைக்கிள் அச்சுக்கும் கதவுக் கீலுக்கும் குழி போட்டுக்கொண்டிருந்தார்.

"வழவழன்னு இருக்கதுல எதுக்கு அண்ணாச்சி குழி?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"வழவழன்னு இருந்தா எண்ணெய் எங்கன தம்பி நிக்கும்? வழிஞ்சு ஓடிரும்ல!" என்று ஆரம்பித்தவர், என் கடைசி பஸ் போன பிறகும் முடிக்கவில்லை.

சொந்தக் கடை ஷட்டரையும் அவர் விடவில்லை. குழி போட்ட மறுநாள் அது தானாகச் சரசரவென்று இறங்கி, ஒரு கல்யாண வீட்டாரை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. "என்ன நைசா இறங்குது பாத்தீகளா?" என்று இருட்டுக்குள் அவர்களிடமே பெருமைப்பட்டாராம்.

இப்படிப்பட்டவரிடம் நானே போய் நிற்கும் காலமும் வந்தது. காமயகவுண்டன்பட்டியில் எனக்கு ஒரு திராட்சைத் தோட்டம். நாலு நாள் விடாத மழை. மழை வெறித்ததும் மருந்தடிக்காவிட்டால் நோய் விழுந்து, அந்த வருஷத்துக் கொத்தெல்லாம் போய்விடும். மருந்தடிக்கும் பம்போ பத்து நிமிடத்தில் சூடேறி இறுகிக்கொண்டது. புதுப் பிஸ்டன் மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும் என்று கம்பம் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். பழையதைத் துணியில் சுற்றிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன்.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். ஆனால் வேலை முடிந்து பூதக்கண்ணாடியில் பார்த்ததும் அந்த முகம் செத்துவிட்டது.

"தம்பி... புள்ளி விழ வேண்டிய இடத்துல பழைய வேலையோட எழுத்து ஏறிருச்சு."

வாங்கிப் பார்த்தேன். என் பிஸ்டன் முழுக்க, கடுகைவிடப் பொடியாக, 'தாய்மாமன் அன்பளிப்பு' என்று ஆயிரம் முறை.

கத்தக்கூடத் தெம்பில்லை. "என் தோட்டமே போச்சு அண்ணாச்சி" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுத்தும் குழிதானப்பா. எண்ணெய்க்குப் படிக்கவா தெரியும்?" என்றார். குழி ஓரங்களில் எழும்பியிருந்த பிசிறுகளை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தெடுத்தார். பிறகு கல்யாணப் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, கடையைச் சாத்தி, என்னோடு பஸ் ஏறினார்.

தோட்டத்தில் பம்பு ஓடியது. பத்து நிமிடம், இருபது, ஒரு மணி நேரம். அண்ணாச்சி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"இங்கன நிழல்ல வந்து உக்காருங்க அண்ணாச்சி" என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"இருக்கட்டும் ஆத்தா. சூடு ஏறல. தம்பி, நீ அடி!"

கடைசி வரிசையும் நனைந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வந்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பம்போட அதிர்வுப்பா" என்றார்.

பம்பு நின்று வெகுநேரமாகியும் அந்தக் கை நிற்கவில்லை. என் திராட்சைக்காக என்னைவிட அதிகமாகப் பயந்த ஒரு மனிதர் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.