என் கணுக்கால் எழுதிய பரீட்சை

அன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இன்றைக்கு என் கால் சுளுக்கிக்கொள்ளும்.

நான் தச்சன். உளியும் ரம்பமுமாகப் பிழைக்கிறவன். அடிபடுவதில் அனுபவம் ஜாஸ்தி என்பதால் எங்கள் வீட்டுக்கு வைத்தியரும் நான்தான். சுட்டுக்கொண்டால் பேஸ்ட். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார். வெட்டுக்காயத்துக்கு மரத்தூள். அதுவும் தேக்குத்தூள்தான். மட்ட மரத்தை மனுஷ உடம்பில் வைக்க எனக்கு மனசு வராது.

மனைவிக்குத் தையல் ஆலையில் வேலை. போன மாதம் அங்கே ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. சுற்றி நின்ற கூட்டம் அழுததாம், விசிறியதாம். என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது இவளுக்குப் பொறுக்கவில்லை. முதலுதவி வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பரீட்சையில் தேறினால் அவள் தளத்துக்கு அவள்தான் முதலுதவிப் பொறுப்பு.

நல்ல காரியம்தான். படித்ததை ஆலையோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

"சுட்ட இடத்துல பேஸ்ட் தடவக் கூடாதாம். குழாய்த் தண்ணில இருபது நிமிஷம் காட்டணுமாம்."

"இருபது நிமிஷமா? அதுக்குள்ள புண்ணே ஆறிடும்."

"அதுக்குத்தானே காட்டறது. மூக்குல ரத்தம் வந்தா தலையை முன்னால சாய்ச்சு, மெத்துனு இருக்கற பாகத்தை அழுத்திப் பிடிக்கணும். அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள போகும்."

"மரத்தூளு?"

அவள் உள்ளே கை காட்டினாள். என் தூள் டப்பா அடுப்படியில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

வைத்தியர் பதவி போனால் சும்மா இருப்பேனா? புருஷன் கால் முடங்கிக் கிடக்கும்போது எந்தப் பெண்டாட்டி பரீட்சைக்குப் போவாள்? பரீட்சை நாளான அன்றைக்கு அவள் கிளம்பும் நேரம் பார்த்து வாசற்படியில் உட்கார்ந்து கத்தினேன்.

"எங்கங்க வலிக்குது?"

"கணுக்கால். வலது கால்."

"இங்கயா?"

"ஆமா."

"இங்க?"

"ஐயோ, ஆமா."

"இன்னும் அழுத்தவே இல்லையே."

"நீ அழுத்தப் போறேன்னு நெனச்சாலே வலிக்குது."

அவள் முகத்தில் பதற்றத்தைத் தேடினேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. ஐஸைத் துணியில் சுற்றிக் காலில் வைத்தாள். "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு வேன்காரனைக் கூட்டி வந்தாள். ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"சரியான இடத்துக்குத்தான்."

"அண்ணே, பேசாதீங்க. பேசினா கனம் கூடுது" என்றான் வேன்காரன்.

வேன் நின்ற இடம் ஆஸ்பத்திரி இல்லை. பரீட்சை மண்டபம். வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் நாற்காலியில் ஒரு மாமியாரோ தங்கச்சியோ கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டுப் போட்டுக் காட்ட ஆளுக்கொரு நோயாளியைக் கூட்டிட்டு வரணும்" என்று என் காதில் சொன்னாள் மனைவி. "உங்களைக் கேட்டா வருவீங்களா? யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. காலைல நீங்களா படில உட்கார்ந்து கத்தினதும்தான் உயிரே வந்துச்சு."

பரீட்சை எடுக்கும் நர்சம்மா வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. "இவருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். வீக்கம் இல்ல, நிறம் மாறல. வலது காலை அழுத்தினா இடது காலை இழுத்துக்கறார்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நர்சம்மா தானும் அழுத்திப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் கத்தவே மறந்துவிட்டது.

"முதல்ல தொட்டுப் பார்த்தீங்களே, அது சரி. இப்போ சுளுக்குன்னே வெச்சுக்கிட்டுக் கட்டுங்க."

கட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது சுற்று நழுவியது. கெடுக்க நினைத்த நானே காலை அசையாமல் நீட்டிப் பிடித்தேன். விரலில் ஊசி இறங்கிய அந்தப் பெண்ணும், அவள் கையைப் பிடித்து நின்ற இவளும் கண்ணுக்குள் வந்தார்கள்.

"நிதானமாக் கட்டும்மா. அவசரமே இல்ல" என்று முணுமுணுத்தேன்.

"நோயாளி பேசக் கூடாது" என்றாள். ஆனால் அடுத்த சுற்று நழுவவில்லை. குதிகாலைச் சுற்றி எட்டு வடிவில் கட்டுத்துணியை ஏற்றினாள். பாலீஷ் போட்ட மேஜைக் கால் மாதிரி நின்றது என் கால். கடைசியில் என் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

"கட்டு இறுகிடுச்சான்னு பார்த்தது நீங்க ஒருத்திதான். தேறிட்டீங்க" என்றார் நர்சம்மா.

எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். எழுந்து நின்று தட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

வெளியே வந்ததும், தோற்றவன் கொஞ்சம் கௌரவமாகப் பேசிப் பார்ப்போமே என்று, "ஏதோ என்னால முடிஞ்ச உதவி" என்றேன்.

"அதைத்தான் மேடமும் சொன்னாங்க. அடுத்த மாசப் பரீட்சைக்கு மயக்கம் போடற ஆள் வேணுமாம், உங்களைச் சொல்லிட்டேன்" என்றாள். "அன்னைக்கு எந்தக் கால்னு யோசிச்சுக் கஷ்டப்படாதீங்க. மொத்தமா விழுந்துடுங்க."