இங்கிலீஷ்காரன் முறைப்படி மனை வாங்கின கதை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். நெம்மேலி மனைய கடைசியா ஒருதடவ பாத்துட்டு, விக்கிறவங்கள கார்ல ஏத்திக்கிட்டு பத்திர ஆபீஸ் போகணும். பன்னெண்டு மணிக்கு டோக்கன்.

பதினெட்டு வருஷமா மறைமலைநகர்ல வாடகை வீடு. செவுத்துல ஆணி அடிக்கணும்னாகூட ஹவுஸ் ஓனர்கிட்ட கேக்கணும். இந்த மனையும் கைவிட்டுப் போனா எனக்கு வேற கதி இல்ல.

இதெல்லாம் தெரிஞ்சும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? இல்ல!

போன வாரம் 'சீசின்'னு ஒரு வார்த்தையப் படிச்சுத் தொலச்சிருந்தேன். பழைய பிரெஞ்சுலேருந்து போனது. அந்தக் காலத்து இங்கிலாந்துல, நிலம் ஒருத்தன் கைவசம் இருக்குன்னு அர்த்தம். விக்கிறவன் நாலு பேர் முன்னாடி அந்த நிலத்து மண்ண ஒரு பிடி அள்ளி வாங்குறவன் கையில குடுப்பான். அவ்ளோதான், நிலம் கை மாறிடும்.

மனையில போய் நின்னதும், அத விக்கிற ஏகாம்பரம் அண்ணன்கிட்ட இத ஆசையா சொன்னேன்.

"அப்போ பத்திரம் இன்னாத்துக்கு?"

"அப்பல்லாம் நெறைய பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே."

"எனுக்குந்தான் தெரியாது. எப்டி அள்ளணும், காட்டும்மா."

காட்டினேன். குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளித் தூக்கினேன். கடக்கரை மணல், கேக்கணுமா? அடிச்ச காத்துல மொத்தமும் பறந்து, அப்பதான் ஷேர் ஆட்டோலேருந்து இறங்கி வந்த அவர் சம்சாரம் முனியம்மாக்கா தலையில விழுந்துச்சு.

"அடிப்பாவி! மண்ண வாரியா தூத்துற? எங்க குடும்பம் உனுக்கு இன்னாடி கெடுதி பண்ணுச்சி?"

மண்ண வாரித் தூத்தினா நாசமாப் போகச் சொல்லி சாபம் விடுறதுன்னு எனக்கும் தெரியும். இங்கிலாந்து நெனப்புல மறந்துட்டேன்!

நிலம் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அக்கா கைநாட்டு வைக்கலன்னா ஒண்ணும் நடக்காது. அக்கா அங்கேயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.

"அக்கா, அது இங்கிலீஷ்காரன் சடங்குக்கா."

"அந்தாளு இப்போ கீறானா?"

"செத்துட்டான்க்கா."

"பின்ன? மண்ண வாரினா வெளங்குவானா?"

மணி பதினொண்ணு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அண்ணன்தான் சமாதானத்துக்கு வந்தாரு. "சுத்திப் போட்டா தீந்துச்சி. எந்திரிமே, டோக்கன் பூடும்."

எதிர் டீக்கடைலேருந்து உப்பும் மிளகாவும் வந்துச்சு. அக்கா அதே மண்ண ஒரு பிடி அள்ளி, அதோட சேத்து அண்ணனுக்கும் தனக்கும் மூணு சுத்து சுத்தினாங்க. ரெண்டு பேரும் அதுல மூணு தரம் துப்பினாங்க. இந்தத் தடவ மண்ணு பறக்கல.

"இந்தா, பிடி. உன் கையாலயே முச்சந்தில கொட்டிட்டு திரும்பிப் பாக்காத வா."

டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், கஸ்டமருங்க ரெண்டு பேரு, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்க, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டேன். பாதி வழியிலதான் எனக்கு உறைச்சுது. விக்கிறவங்க, நாலு பேர் முன்னாடி, அந்த நிலத்து மண்ண என் கையில குடுத்துட்டாங்க!

இங்கிலீஷ்காரன் சட்டப்படி அப்பவே எனக்கு வந்துட்ட மனைய முச்சந்தியில கொட்டிட்டு, சர்க்கார் சட்டப்படி மறுபடி வாங்கிட்டு வந்தேன்.