லைன்மேன் நிற்கவைத்த சுவர்

தருமபுரி மாவட்டத்திலேயே லைன்மேனைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல மற்றவர்களைப் பயமுறுத்தியவரையும் பார்த்ததில்லை. கரண்ட் ஆபீசில் வேலை. ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் மூன்று முறை டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அப்புறம் அந்த டெஸ்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்து, பையிலிருந்து இன்னொரு டெஸ்டரை எடுப்பார். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். காரிமங்கலத்தில் எங்களுக்கு அவர் லைன்மேன்தான்.

அவர் எங்கள் கால்பந்து டீமுக்குக் கேப்டனாக வந்த அன்றோடு எங்கள் நிம்மதி போனது. டீம் என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நான், ஷேர் ஆட்டோ ஓட்டும் கோல்கீப்பர் முருகன், இன்னும் எங்களைப் போலவே முப்பதைத் தாண்டித் தொப்பை போட்ட சிலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு இட்லி சாப்பிடப் போவதுதான் எங்கள் லட்சியம். லைன்மேனுக்கு நாற்பத்தைந்து வயது, ஆறடி உயரம். நாங்கள் கோல் அடிக்கிறோமா இல்லையா என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. அவருடைய கவலையெல்லாம் ஃப்ரீ கிக் மேல்தான்.

எதிராளி நம் கோலுக்குப் பக்கத்தில் ஃப்ரீ கிக் அடிக்கும்போது, முப்பதடி தள்ளி நாலைந்து பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுவராக நின்று மறைக்க வேண்டும். பந்து யார் மேலாவது படும். படுவதற்காகத்தான் நிற்பதே. கொஞ்சம் யோசிக்கிற ஆள் எவனும் அங்கே நிற்க மாட்டான். நாங்கள் நிறையவே யோசிப்பவர்கள். பந்து கிளம்பியதும் ஒருவன் குனிவான், ஒருவன் முதுகைக் காட்டுவான், நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். மூடாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. விளையாடும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவதால், பந்து வந்து சேர்ந்த பிறகுதான் அது கிளம்பிய விஷயமே எனக்குத் தெரியும்.

“ஏம்பா மெடிக்கல், எதுக்குத் திரும்புன?” என்றார் லைன்மேன், முதல் வாரமே.

“மூஞ்சில பட்டுடும்னு பயம்ணா.”

“திரும்புனா முதுகுல படும். அதுவும் உன் முதுகுதான? ஆனா நீ திரும்புற நேரத்துல உனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவுல ஒரு சந்து வுழுது பாரு, அதுல பந்து என்ன, முருகனோட ஆட்டோவே போவும்.”

அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. இரண்டு கையும் முன்னால், இடுப்புக்குக் கீழே. “உசுரு அங்கதான் இருக்குது, பொத்திக்க.” கையை மேலே தூக்கிப் பந்து பட்டுவிட்டால் பெனால்ட்டி. தோள் விலகக் கூடாது. முகம் திரும்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, குதிக்கவே கூடாது. குதித்தால் காலுக்கு அடியில் பந்து போய்விடும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும், ஏதோ சாவுச் செய்தி சொல்வதுபோல.

மைதானத்தோடு விட்டாரா என்றால் இல்லை. டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், தோளைப் பிடித்து நெருக்கிவிடுவார். என் கல்யாணத்தில் டீம் மொத்தமும் மேடையேறியது. போட்டோகிராபர் “கொஞ்சம் சிரிங்க சார்” என்றார். லைன்மேன், “ஒசரமானவன் ஓரத்துக்கு வா. மெடிக்கல், சந்து வுடாத, ஒட்டி நில்லு” என்றார். ஆல்பத்தில் என் மனைவி மட்டும் சிரிக்கிறாள். மற்றவர்கள் எல்லாம், மாப்பிள்ளை உட்பட, அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு கேமராவை முறைக்கிறோம். “எதுக்குங்க எல்லாரும் வயித்துவலிக்காரங்க மாதிரி நிக்கறீங்க?” என்று அவள் இன்றுவரை கேட்கிறாள்.

இப்படிப்பட்ட நாங்கள் தருமபுரியில் நடந்த ஒரு போட்டியில் ஃபைனலுக்குப் போய்விட்டோம். ஒரு டீமுக்கு வேன் பஞ்சர். இன்னொரு டீம் தன் கோலிலேயே அடித்துக்கொண்டது. எங்கள் திறமைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஃபைனலில் பாலக்கோடு டீம். அதில் ஜேசிபி ஓட்டும் ஒருவர் இருந்தார், பட்டப்பெயரும் அதுவே. அவர் செமி ஃபைனலில் அடித்த ஃப்ரீ கிக்கில் சுவரில் நின்ற ஒருவருக்கு இரண்டு பல் போய்விட்டது. மருந்துக்கடைக்காரன் என்பதால் பஞ்சு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபைனலுக்கு ஒரு வாரம் இருந்தது. தினமும் லைன்மேன் கடைக்கு வந்து நிற்பார்.

“தூங்குனியா?”

“இல்லணா.”

“நானும் இல்ல. வயித்துக்கு ஏதாச்சும் குடு.”

ஆளுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வோம்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை யாரும் கோல் போடவில்லை. அப்போதுதான் எங்கள் கோலுக்கு நேரே ஃப்ரீ கிக். ஜேசிபி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். ஐந்து பேர் சுவரில் நின்றோம். ஓரத்தில் லைன்மேன், அவரை ஒட்டி நான். என் தோள் கிடுகிடுவென்று ஆடியது. மூச்சைப் பிடித்து என்னை அடக்கிப் பார்த்தேன். அப்படியும் தோள் ஆடுவது நிற்கவில்லை. அது என் நடுக்கம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

“ணா, நடுங்கறீங்க.”

“தெரியும். நேரா பாரு.”

“பயமா இருக்குதுங்களா?”

“பயப்படாதன்னு நான் எப்பப்பா சொன்னன்? திரும்பாதன்னுதான சொன்னன்.”

நடுவர் விசில் ஊதினார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். இடப்பக்கம் மூன்று பேரும் அசையவில்லை. நானும் அசையவில்லை. வலப்பக்கம், லைன்மேனின் தோள் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய முழங்கால் இருந்தது.

அவர் குதித்துவிட்டார். பந்து அவர் காலுக்கு அடியில் புகுந்து, முருகன் பார்ப்பதற்குள் வலையில் விழுந்தது.

தோற்றுப்போய் முருகனின் ஆட்டோவில் ஊருக்குத் திரும்பினோம். காரிமங்கலம் நெருங்கும்போது லைன்மேன், “தலைக்கு வர்ற மாதிரி இருந்துச்சு. காலு தன்னால எழும்பிடுச்சு” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் மைதானத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் நானும் முருகனும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி, “வேலைக்குப் போறாரு, வூட்டுக்கு வர்றாரு, அவ்ளோதாங்க. என்கூடச் சண்டைகூடப் போடறதில்ல” என்று கவலையோடு சொன்னார்.

லைன்மேன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “நான் வரலப்பா. ரூல் போட்டவனே குதிச்சுட்டன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்களுக்குச் சொல்றது?”

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நீங்க குதிச்சத நான் பாத்தன்ணா.”

“பாத்தியா? நீ கண்ண மூடிக்குவியே.”

“அன்னிக்கு மூடலீங்க.”

அவர் நிமிர்ந்தார். “திரும்பல?”

“திரும்பல.”

“மத்தவனுங்க?”

“ஒருத்தரும் திரும்பலீங்க. சந்தே வுழல.”

முருகன், “பின்னாடி நின்ன எனக்குத் தெரியாதாணா? செங்கல்லு மாதிரி நின்னானுங்க” என்றான்.

“சந்தே வுழலயா?” என்றார் லைன்மேன். பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டுவதற்குள், “உன் முழங்கை அன்னிக்குக் கொஞ்சம் வெளிய இருந்துச்சு” என்று என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி உள்ளே நின்று சிரித்தார்.

இப்போதும் சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்துக் கரண்ட் போனால், கடைக்கு வருகிறவர்கள் கரண்ட் ஆபீசைத் திட்டுகிறார்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொள்கிறேன். கரண்ட் சீக்கிரம் வர வேண்டும் என்று எல்லாரையும் போல நானும் வேண்டிக்கொள்கிறேன். தெருவிளக்கு எரிந்தால், லைன்மேன் கம்பத்திலிருந்து பத்திரமாகக் கீழே இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.