காலால் வாசிக்கும் திட்டுண்ணி

கலைஞர்களில் கைத்தட்டலில் வாழ்கிறவர்கள் ஒரு வகை. கைத்தட்டல் வராததற்கு மைக்செட்காரரைக் குறை சொல்லியே வாழ்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பியும் வைத்திருப்பீர்கள். இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். இதற்குக் கைத்தட்டல் ஆகாது. யாராவது நாலு பேர் கூட்டத்தில் எழுந்து நின்று, “நிறுத்துடா!” என்று கத்தினால்தான் இதற்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும், மறுநாள் காலையில் பல் தேய்க்கவே ஓர் உற்சாகம் பிறக்கும். புல்லைத் தின்பது புல்லுண்ணி என்றால், இதைத் திட்டுண்ணி என்று அழைப்பதில் தவறில்லை.

முழு வளர்ச்சி அடைந்த திட்டுண்ணி ஒன்றைப் பார்க்க ஆசையா? சங்கராபுரத்துக்குப் பஸ் ஏறுங்கள். இறங்கிய இடத்தில் நிற்கிற யாரிடமாவது, “ஆர்கன் பகலவன் வூடு எதுங்க?” என்று கேளுங்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காலால வாசிப்பாரே, அவரா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பகலவன் தன் பாதி ஆயுளைச் செலவழித்திருக்கிறார்.

மீதிப் பாதி, மெல்லிசைக் குழுவில் போயிற்று. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரம் முழுக்க அவர் கீபோர்டு வாசித்திருக்கிறார். பாடகர் முன்னால் நிற்பார், பாடகி அவருக்குப் பக்கத்தில் நிற்பார், டிரம்ஸ்காரர் தலையை ஆட்டி ஆட்டியே பெயர் வாங்கிவிடுவார். பகலவன் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்துக் கச்சேரிப் படங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் அவருடைய இடது காது மட்டும் தெரியும். நல்ல காதுதான். ஆனால் ஒரு காதை வைத்துக்கொண்டு மனிதன் எப்படிப் புகழ் பெறுவது?

ஒருநாள் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக் கச்சேரியைப் பார்த்தார். மாதா கோயில் ஆர்கன். வாசிக்கிறவர் மேலே கையாலும், கீழே வரிசையாக இருந்த மரக்கட்டைகளைக் காலாலும் அமுக்கி வாசித்தார். மினுமினுக்கும் ஷூ, தோளில் சரிகை மேலங்கி. வாசித்து முடித்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து நின்று தட்டியது. மீதிப் பாதி, இதெல்லாம் ஒரு சங்கீதமா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியேறியது. நீங்களும் நானும் பார்த்திருந்தால் தட்டியவர்களைப் பார்த்திருப்போம். பகலவன் கண் கொட்டாமல் பார்த்தது வெளியேறியவர்களை.

அப்புறம் என்ன, தச்சரைப் பிடித்து வேங்கைப் பலகையில் கால்கட்டைகள் செய்தார். ரேடியோ ரிப்பேர் செய்கிறவரைப் பிடித்து அவற்றை ஒரு பழைய எலக்ட்ரானிக் ஆர்கனோடு இணைத்தார். ‘பாதசுரம்’ என்று பெயரும் வைத்தார். விழுப்புரத்தில் நாடக உடுப்புத் தைக்கிறவர் மூலம் ஊதா வெல்வெட்டில் ஒரு மேலங்கியும், ஜிகினா ஒட்டிய ஷூவும் வந்து சேர்ந்தன. கால்களை மட்டும் படம் பிடிக்க ஒரு கேமரா, அதைக் காட்ட மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. மோகனத்தையும் கல்யாணியையும் இனி கால்தான் ஆளப்போகிறது என்று அறிவித்துவிட்டு, ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அரங்கேறினார்.

அந்த முகூர்த்தத்துக்கு நாதசுரம் வாசிக்க வந்திருந்தவர் வேடியப்பன். சுற்றுவட்டாரத்தில் மரியாதைக்குரிய மூத்த வித்துவான். வாத்தியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் தொடாதவர். பகலவனின் ஷூ கல்யாணியின் மேல் ஏறி இறங்கியதைத் திரையில் பார்த்தவர் பந்தியிலிருந்து எழுந்து வந்தார்.

“யோவ்! சரஸ்வதிய மிதிக்கிறியே, உனுக்குக் கையில்லியா?”

பகலவன் வாசிப்பை நிறுத்தவில்லை. மைக்கை மட்டும் வாய்ப்பக்கம் இழுத்தார். “நடராஜரு இன்னா, கையாலயா ஆடுனாரு?”

மண்டபம் இரண்டாகப் பிளந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். மறுநாள் அந்தக் காட்சி ஆயிரம் கைப்பேசிகளில் ஓடியது. பகலவன் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அவர் வளர்ச்சி வேகம் பிடித்தது. விசிட்டிங் கார்டில் ‘சர்ச்சைக்குரிய’ என்ற சொல் பெயரைவிடப் பெரிதாக ஏறியது. கச்சேரிக்கு முன்னால் சில சடங்குகளும் உருவாயின. மேலங்கிக்கு இஸ்திரி போடுவது, ஷூவின் ஜிகினாவைச் சரிபார்ப்பது, பிறகு மிக முக்கியமான சடங்கு: வேடியப்பனுக்குப் போன் போடுவது.

“அண்ணே, வெள்ளிக்கிழம தியாகதுருகம். சாயங்காலம். மறந்துடாதீங்க.”

“முட்டி வலி ஜாஸ்தியா கீதுப்பா. இந்த ஒரு தபா வுட்டுடேன்.”

“அண்ணே, நீங்க வரலன்னா எப்டிண்ணே? கச்சேரியே நடக்காது.”

“சரி சரி. உக்காந்துகினே எதிர்த்தா பரவால்லியா?”

“மொத வரிசைல நாற்காலி போடச் சொல்றேண்ணே.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒயர்களைச் சுற்றி வைக்கிறவர் மலர்விழி, பகலவனின் மனைவி. ஒலியமைப்பு, வேன் ஏற்பாடு, கணவரின் தலைக்கனம் மூன்றையும் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதல் இரண்டில் அவருக்குத் தோல்வியே கிடையாது.

இந்த நிலையில்தான் சிங்கப்பூர் வந்தது. சங்கராபுரத்துக்காரரான வெங்கடேசன் அங்கே தமிழர் விழாக்களை நடத்துகிறவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். ஆயுத பூசையன்று சாயங்காலம் கல்வராயன் மலையில் கரியாலூரில் பகலவனுக்குக் கச்சேரி என்று தெரிந்ததும், “நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்றேங்க. அந்த எதிர்ப்பு கிதிர்ப்பெல்லாம் இருக்குமில்ல?” என்று கேட்டார்.

“அது இல்லாமயா?” என்றார் பகலவன்.

வேடிக்கை போகட்டும். அந்த மனிதருக்கு சிங்கப்பூர் அவ்வளவு வேண்டியிருந்தது. இங்கே வாய்ப்புகள் குறைந்துகொண்டு வந்தன. காலால் வாசிப்பதை எல்லோரும் ஒரு முறை பார்த்தாகிவிட்டது. இந்த மேடையும் கைநழுவினால் மறுபடி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் இடது காதாக உட்கார வேண்டும்.

வேன் மலை ஏறியது. வழியில் வேடியப்பனுக்குப் போன் போட்டார்.

“ஆயுத பூசைப்பா! இன்னிக்கு எனுக்கே கச்சேரி கீது. கை நிறைய வேல. நீ போய் வாசிச்சிட்டு வா, நாளிக்கு வந்து திட்டறேன்.”

பகலவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மலர்விழி ஆறுதல் சொன்னார். “இன்னாத்துக்குக் கவலப்படறீங்க? மலைல இத்தினி ஜனம் கீது. கோயில் வாசல்ல மேட. சாமிக்கு எதுர்ல கால வெச்சா யாராச்சும் ஒருத்தர் திட்டாமயா பூடுவாங்க?”

அதுவும் நியாயம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கரியாலூர் போனதும் வாத்தியத்தை இறக்கி மேடையில் பூட்டிவிட்டு, வேனுக்குள் கண்ணில் வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு படுத்தார். எப்போதும்போல, எதிர்ப்புக்கு முந்தைய ஓய்வு.

பொழுது சாய்ந்ததும் மேலங்கி சரசரக்க மேடைப் படியில் ஏறினார். கோயில் வாசல் என்பதால் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அப்போதே ஒரு பிடிமானம் போனது. வெறுங்காலோடு ஆர்கனை நெருங்கினார். திகைத்து நின்றார்.

பாதசுரத்தின் ஒவ்வொரு கட்டையிலும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. ஓரத்தில் சாமந்திச் சரம். மூலையில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டிய கரி வாசம் இன்னும் போகவில்லை. பெரிய திரையில் அத்தனை பொட்டும் தட்டுத் தட்டாகத் தெரிந்தன.

“யாரு... யாருங்க இதப் பண்ணது?”

“நாங்கதாங்க தம்பி.” விழாக் குழுவை நடத்துகிற செல்லியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். சொந்த டிராக்டர் வைத்திருக்கிறவர். “ஆயுத பூசையாச்சே. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. உங்க ஆயுதம் மட்டும் மூளியா இருக்கலாமா?”

“இதும்மேல நான் கால வெக்கணும்மா.”

“தெரியுங்களே.”

“குங்குமத்தும் மேல. சாமி எதுர்ல.” பகலவன் வேண்டுமென்றே மைக்கில் உரக்கச் சொன்னார். கூட்டத்தைப் பார்த்தார். யாராவது? ஒரே ஒருவர்? பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். பகலவனுக்கு உயிர் வந்தது. பெரியவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

செல்லியம்மாளுக்கு இவர் தயக்கம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டார். “அட, அதுக்கா நிக்கிறீங்க? எங்க டிராக்டரு கிளட்ச்சுக்கும் காலைல பொட்டு வெச்சோம். மிதிக்காம எப்படி ஓட்டறது? சும்மா மிதிங்க தம்பி. கால் பட்டாத்தானே அது வேல செய்யும்!”

கூட்டம் தலையாட்டியது. எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது.

திட்டுண்ணியை எதிரி கொல்ல முடியாது. பத்துப் பேர் கறுப்புக்கொடி பிடித்தால் அது பத்து மடங்கு கொழுக்கும். ஆனால் அதன் கால்படும் இடத்துக்கு அன்பாக ஒரு பொட்டு வையுங்கள், அப்புறம் பாருங்கள். ‘நடராஜர் கையாலயா ஆடினார்’ என்று வருஷக்கணக்கில் முழங்கியவருக்கு, அதைச் சொல்ல எதிரில் ஓர் ஆள் இல்லை. நடராஜரே வந்து, “சரிப்பா, அதுக்கென்ன இப்போ?” என்று கேட்டது மாதிரி இருந்தது.

ஒரு துணியை எடுத்துக் குனிந்தார், பொட்டுகளைத் துடைத்துவிடலாம் என்று. கை வரவில்லை. காலால் மிதித்தாலும் மிதிக்கலாம், கையால் அழிக்க மனசு வரவில்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார். கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேடியப்பன் செய்வதைப் போலவே. அதை அவர் தெரிந்து செய்யவில்லை. ஒலிப்பெட்டி அருகே நின்ற மலர்விழி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு வாசித்தார். வழக்கமான தாவலும் உதையும் இல்லை. குங்குமத்தின் மேல் எப்படிக் குதிப்பது? கால் மெல்ல இறங்கி மெல்ல எழுந்தது. சத்தமும் சண்டையும் இல்லாததால், மோகனம் மோகனமாகவே கேட்டது. அரங்கேறிய நாளிலிருந்து பகலவன் தன் வாசிப்பைக் காதுகொடுத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டார். மோசமில்லை. பிரமாதமும் இல்லை. பயிற்சி செய்தால் தேறக்கூடிய வாசிப்பு. ஊதா வெல்வெட்டுக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

முடிந்ததும் எல்லோரும் தட்டினார்கள். எவரும் வெளியேறவில்லை. பொரியும் கடலையும் கொடுத்து, “நல்லா இருந்துதுங்க தம்பி” என்றார் செல்லியம்மாள். பகலவன் தன் வாழ்நாளில் வாங்கிய ஆயிரம் வசவுகளில் ஒன்றுகூட இப்படி உள்ளே இறங்கியதில்லை.

வெங்கடேசன் வேன் வரைக்கும் வந்தார். “நல்லாத்தாங்க இருந்துது. ஆனா யாருமே எதிர்க்கலியே? அங்க கீறவங்க அதத்தாங்க கேப்பாங்க. பாக்கலாம்.” சிங்கப்பூர் அந்தப் ‘பாக்கலா’மோடு மலை இறங்கிப் போய்விட்டது.

வேனில் மலர்விழிதான் முதலில் பேசினார். “பாத்தீங்களா, உங்க காலு ரெண்டும் செவசெவன்னு கீது.”

பகலவன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். கட்டைகளின் குங்குமம் முழுக்க அங்கே இருந்தது. எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. கண்ணிலும் கொஞ்சம் ஈரம். “இவ்ளோ நாளு நான் வாசிச்சத நீ கேட்டுக்கினுதானே இருந்த? எப்பிடி இருந்துது?”

“இன்னிக்குத்தாங்க கேட்டுது.”

சரி, மனிதர் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டப்போகிறீர்கள், இல்லையா? இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை. வேன் மலை இறங்கியதும், பகலவன் சிவந்த உள்ளங்காலைப் படம் எடுத்தார். ‘சாமி குங்குமத்தை மிதித்த கலைஞன்! கொதிக்கிறது கல்வராயன் மலை!’ என்று எழுதி முகநூலில் போட்டார். காத்திருந்தார். யாராவது திட்டுவார்கள். திட்டாமல் எங்கே போவார்கள்?

முதல் பதில் செல்லியம்மாளிடமிருந்து வந்தது. பொட்டு வைத்த டிராக்டர் கிளட்ச்சின் படம். கீழே: ‘கால கழுவிகினு சாப்புடுங்க தம்பி.’

இரண்டாவது வேடியப்பன்: ‘கண்ணுல ஒத்திக்கினு வாசிச்சியாமே, சந்தோஷம்பா. இனிமே நான் வரத் தேவையில்ல.’

பகலவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சிரிக்கிறீர்களே, நீங்கள் கடைசியாகப் போட்ட பதிவை நினைத்துப் பாருங்கள். ‘அருமை’ என்று எழுதிய முப்பது பேரை ஒரே விரலில் தள்ளிவிட்டு, சண்டைக்கு வந்த அந்த ஒருவருக்கு மட்டும் பத்தி பத்தியாகப் பதில் எழுதினீர்களே, அன்றைக்குச் சோறு எப்படி இறங்கியது? உள்ளங்காலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. இதை எழுதியவனும் பார்த்துக்கொண்டான். அதனால்தான் ஒரு விண்ணப்பம்: பிடிக்கவில்லையா, வாய்க்கு வந்தபடி திட்டுங்கள், பயனுண்டு. தயவுசெய்து ‘நல்லா இருந்துது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.